சொல்லை இழந்தவர்களுக்கு ஒரு துணை

(மருத்துவமனை ஆதரவாளர் நாள் கூட்டத்தில் நம் மருத்துவமனைப் போதகர் ஆற்றிய உரை. அச்சுக்காகச் சற்றே சுருக்கப்பட்டுள்ளது.)



அறுப்பின் பண்டிகை முடிந்த கையோடு ஒரு சபையின் வாலிபர் ஐக்கியத்திலிருந்து நமக்கு ஒரு கடிதம் வந்தது. பக்கவாதம் வந்து பேச்சிழந்தவர்களுக்கு, விஞ்ஞானி ஸ்டீபன் ஹாக்கிங் வைத்திருந்ததைப் போன்ற பேசும் கருவிகளை வாங்கித் தர ஆசைப்படுகிறோம், எத்தனை தேவைப்படும் என்று கேட்டிருந்தார்கள். நல்ல உள்ளத்தோடு எழுந்த கேள்வி. ஆனால் ஒரு எண்ணைப் போட்டுப் பதில் அனுப்ப என்னால் முடியவில்லை. இந்தக் காரியத்தைப்பற்றி ஆதரவாளர்கள் அனைவருக்குமே சற்று விரிவாகச் சொல்லவேண்டும் என்று தோன்றியது. கண்காணிப்பாளர் அவர்களும் அதற்கு இடங்கொடுத்தார்கள்.

முதலாவது, ஹாக்கிங் அவர்களின் நோய் வேறு, நம் வார்டில் இருப்பவர்களின் நோய் வேறு. அவருக்கு இருந்தது தசைகளை இயக்கும் நரம்புகள் அழியும் வியாதி. 1985இல் தொண்டையில் அறுவை சிகிச்சை செய்தபோது மிச்சமிருந்த குரலும் போயிற்று. ஆனால் சொற்கள் அவர் மூளையில் பத்திரமாக இருந்தன. கணினித் திரையில் ஓடும் சொற்களிலிருந்து வேண்டியதைத் தேர்ந்தெடுத்தார், கருவி அதை உரக்கச் சொன்னது. அவருக்குக் குறைவுபட்டது வாய் ஒன்றுதான். அந்த வாயின் வேலையைக் கருவி ஏற்றுக்கொண்டது.

நம் வார்டிலோ நிலைமை தலைகீழ். வாய் இருக்கிறது, நாக்கு அசைகிறது, சோறு விழுங்க முடிகிறது. சொல்தான் அகப்படவில்லை. இதை மருத்துவர்கள் அஃபேசியா என்கிறார்கள். பேச்சிழப்பு என்று நாம் சொல்லலாம். பெரும்பாலானவர்களுக்கு மொழியின் வேலை மூளையின் இடப்பக்கத்தில் நடக்கிறது. அங்கே இரத்தக் குழாய் அடைத்தாலும் வெடித்தாலும், அல்லது தலைக்கவசம் போடாமல் பைக்கிலிருந்து விழுந்து அந்த இடம் அடிபட்டாலும் மொழி சிதறிப்போகிறது. பக்கவாதம் வந்தவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு இது நேரிடுகிறது. வலது கை கால் விழுந்தவர்களிடம் இதை அதிகமாய்க் காண்பதும் அதனால்தான், இடப்பக்க மூளைதானே உடலின் வலப்பக்கத்தை ஆளுகிறது. 137ஆம் சங்கீதத்தில் பாடுகிறவன் தன்மேல் இட்டுக்கொள்ளும் ஆணையில் வலது கையும் நாவும் சேர்ந்தே வருகின்றன. அதில் பக்கவாதத்தின் சாயலைக் கண்டு எழுதிய மருத்துவர்கள் உண்டு. அது சரியோ தவறோ, இறையியல் கல்லூரியில் எங்களுக்கு யாரும் இதைச் சொல்லித்தரவில்லை.

சகரியாவின் கதை உங்களுக்குத் தெரியும். பேச்சற்றுப்போன அவர், பிள்ளைக்குப் பெயரிடும் நாளில் ஒரு பலகையைக் கேட்டு வாங்கி எழுதிக் காட்டினார். துணைக்கருவி என்று நாம் இன்று சொல்வதற்கு வேதத்தில் உள்ள மிக நல்ல உதாரணம் அதுவே. ஆனால் பேச்சிழப்பு உள்ளவரிடம் பலகையை நீட்டிப்பாருங்கள். எழுதுகோலைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருப்பார். பிறகு ஒரு எழுத்தின் பாதி வரும், அல்லது எழுத நினைத்ததற்கு மாறாக வேறொன்று வரும். பேசுவதை நடத்தும் அதே மொழிதான் எழுதுவதையும் வாசிப்பதையும் நடத்துகிறது. அது உடைந்தால் வாய் உடைந்த அளவுக்குக் கையும் உடைகிறது. எழுத்துப் பலகை கொடுத்தும் எழுதவில்லை, ஆகவே புத்தி பேதலித்துவிட்டது என்று வீட்டார் முடிவுகட்டிவிடுகிறார்கள். அந்த முடிவுதான் இந்த நோயைவிடக் கொடியது.

இந்த நோயின் வரலாற்றில் ஒரு நோயாளியை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன். பாரிஸ் நகரத்தை அடுத்த பிசேத்ர் மருத்துவமனையில் லெபோர்ன் என்று ஒருவர் இருந்தார். முப்பது வயதளவில் பேச்சை இழந்தவர். எதைக் கேட்டாலும் "டான், டான்" என்பார், ஆகவே டான் என்பதே அவர் பெயராகிப்போயிற்று. கோபம் மிஞ்சினால் மட்டும் தேவனுடைய நாமத்தை இழுத்து ஒரு வசை வாயிலிருந்து முழுதாய் வந்துவிடுமாம். 1861 ஏப்ரலில், காலில் புரையோடிய நிலையில் அவரை அறுவை மருத்துவர் போல் புரோக்கா அவர்களிடம் கொண்டுவந்தார்கள். எத்தனை வருடம் இந்த மருத்துவமனையில் இருக்கிறீர் என்று புரோக்கா கேட்டார். நோயாளி இடது கையை நான்கு முறை விரித்துக் காட்டினார், பிறகு ஒரு விரலை நீட்டினார். இருபத்தொன்று. கணக்கு மிகச் சரியாக இருந்தது. சில நாட்களில் அவர் இறந்துபோனார். அவருடைய மூளையில் இடப்பக்க முன்பகுதியில் சேதத்தைக் கண்ட புரோக்கா, பேச்சின் இருப்பிடத்தைப்பற்றி உலகத்துக்கு அறிவித்தார். அந்தப் பகுதி இன்றும் அவர் பெயரால் வழங்குகிறது. 1874இல் ஜெர்மானியரான வெர்னிக்கே, சரளமாகப் பேசியும் பொருளில்லாமற்போகிற, பிறர் பேச்சையும் புரிந்துகொள்ள இயலாத இன்னொரு வகையை விளக்கினார்.

மருத்துவ மாணவர்கள் அந்த மூளையைப் படிக்கிறார்கள். நான் அந்த விரல்களைப் பார்க்கிறேன். இருபத்தொரு வருடமாக டான் என்று அழைக்கப்பட்ட மனிதர், ஒரு நல்ல கேள்வியைக் கேட்டுவிட்டுக் காத்திருக்க ஒருவர் வந்தபோது, வருடத்தைத் துல்லியமாகச் சொன்னார்.

நம் வார்டில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். பெயரும் ஊரும் வேண்டாம். ஐம்பது வயதைத் தாண்டிய ஒரு விவசாயி, இரண்டு மாதத்துக்கு முன் பக்கவாதம் வந்தவர். அவருடைய தம்பி பத்திரத்தோடும் மை டப்பாவோடும் வந்தார். வீட்டை எழுதிக் கொடுக்க அண்ணன் சம்மதித்துவிட்டார், கேட்டால் தலையாட்டுகிறார், பெருவிரல் ரேகை வைத்தால் போதும் என்றார். தலையாட்டியது உண்மைதான். ஆனால் பேச்சிழப்பு உள்ளவர்களில் பலர் எதைக் கேட்டாலும் தலையாட்டுவார்கள். ஆம் என்பதும் இல்லை என்பதும் அவர்களுக்குள் இடம் மாறிக் குழம்பியிருக்கும். உங்கள் பெயர் நேபுகாத்நேச்சாரா என்று கேட்டாலும் ஆம் என்று ஆட்டுவார்கள்.

நம் பேச்சுப் பயிற்சியாளர் சகோதரி அன்று என்ன செய்தார் தெரியுமா? மின்சாரத்தில் ஓடும் எந்தக் கருவியையும் எடுக்கவில்லை. ஒரு தாளில் வீட்டை வரைந்தார். தம்பியின் புகைப்படம், மகளின் புகைப்படம், மனைவியின் புகைப்படம் மூன்றையும் அருகில் வைத்தார். பெரிதாக ஒரு சரிக்குறியும் ஒரு பெருக்கல் குறியும் போட்டார். முதலில் விடை தெரிந்த கேள்விகளாய்க் கேட்டு, எந்தக் குறியை எதற்குத் தொடுகிறார் என்று பார்த்துக்கொண்டார். பிறகுதான் வீட்டுக்கு வந்தார். மூன்று நாட்கள், படங்களின் வரிசையை மாற்றி மாற்றிக் கேட்டார். மூன்று நாளும் அவர் தம்பியின் படத்தை வீட்டிலிருந்து ஒதுக்கித் தள்ளினார், மகளின் படத்தை எடுத்து வீட்டின்மேல் வைத்தார். மூன்றாம் நாள் கண்ணீர் வழிந்தது. மருத்துவர் இதைக் குறிப்பேட்டில் பதிவு செய்தார். பத்திரம் வந்த வழியே திரும்பிப்போயிற்று.

இதே முறையை ஒழுங்குபடுத்தி, ஒரு பாயின்மேல் படங்களை "பிடிக்கும்", "சுமார்", "பிடிக்காது" என்று வரிசைப்படுத்தும் சாதனமாக 1990களில் ஸ்காட்லாந்தின் ஸ்டெர்லிங் பல்கலைக்கழகத்தில் உருவாக்கினார்கள். டாக்கிங் மேட்ஸ் என்று பெயர். உண்மையிலேயே பாய்தான் அது.

இப்போது கருவிகளைப்பற்றி. 1970களில் அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள் சிலர், சொல்லை இழந்தவர்களுக்குச் சின்ன அட்டைகளில் படக்குறிகளை எழுதிக் கொடுத்து, அவற்றை வரிசையாக வைத்து வாக்கியம்போல் அமைக்க முடியுமா என்று பார்த்தார்கள். சிலரால் முடிந்தது. அட்டைகள் நூற்றுக்கணக்கில் பெருகினால் தேடுவது கஷ்டம். ஆகவே 1980களில் கலிபோர்னியாவில் முன்னாள் படைவீரர்களுக்கான மருத்துவமனையில் ரிச்சர்ட் ஸ்டீல் என்பவரும் உடனிருந்தவர்களும் அட்டைகளைக் கணினித் திரைக்குள் கொண்டுவந்தார்கள். அதிலிருந்து 1990இல் லிங்கிராஃபிகா என்ற நிறுவனம் பிறந்தது. படத்தைத் தொட்டால் கருவி பேசும். பேச்சிழப்பு உள்ளவர்களுக்கென்றே செய்யப்பட்ட முதல் கருவிகளில் ஒன்று அது.

நம் சென்னையிலும் ஒரு நல்ல காரியம் நடந்தது. ஐ.ஐ.டி.யில் படித்த அஜித் நாராயணன் என்பவர், பேச இயலாத பிள்ளைகளுக்காக ஆவாஸ் என்ற கருவியைச் செய்தார். முதலில் தனிக் கருவியாக வந்தது, 2012 முதல் ஐபேடில் இயங்கும் செயலியாகவும் வந்தது. மூளை முடக்குவாதமும் ஆட்டிசமும் உள்ள பிள்ளைகளை மனதில் வைத்துச் செய்யப்பட்டது அது. பெரியவர்களின் பேச்சிழப்புக்கு அதை அப்படியே எடுத்து மாட்டிவிட முடியாது. பிள்ளை மொழியைப் புதிதாகக் கற்கிறது, நம்மவரோ ஐம்பது வருடம் பேசிய மொழியைத் தொலைத்துவிட்டுத் தேடுகிறார்.

அமெரிக்காவில் 2021லும் 2023லும் மூளையின்மேல் மின்முனைகளைப் பதித்து, பேச நினைத்ததைக் கணினி சொல்லாக்கியதைச் செய்தித்தாளில் படித்திருப்பீர்கள். அந்த நோயாளிகளுக்குப் பக்கவாதம் வந்தது மூளைத்தண்டில். அவர்களுடைய மொழி முழுமையாக இருந்தது, அதைத் தசைக்கு அனுப்பும் பாதைதான் அறுந்திருந்தது. ஹாக்கிங் அவர்களைப் போலவே இதுவும் வாயை இழந்தவர்களின் கதை.

வீட்டிலேயே கணினியை வைத்துச் சொற்களைத் தினமும் பயிற்சி செய்தால் பலன் உண்டா என்று இங்கிலாந்தில் பெரிய அளவில் சோதித்துப் பார்த்து 2019இல் வெளியிட்டார்கள். 278 பேர் பங்குபெற்றார்கள், ஆறு மாதப் பயிற்சி. எந்தச் சொற்களைப் பயின்றார்களோ அந்தச் சொற்கள் நன்றாகத் திரும்பிவந்தன. பக்கவாதம் வந்து வருடங்கள் ஆனவர்களுக்கும் வந்தன. இது சின்னக் காரியமல்ல. ஆனால் அவர்கள் மற்றவரோடு உரையாடுவது அதனால் மேம்படவில்லை. காசு கொடுப்பவர்களுக்கு இந்த இரண்டாவது பாதியையும் சொல்லவேண்டும் என்பது என் எண்ணம்.

தமிழுக்கென்று தனித் தொல்லைகளும் உண்டு. வெளிநாட்டில் தயாரான செயலியில் "அங்கிள்" என்று ஒரு படம் இருக்கும். நம் வீட்டில் அது சித்தப்பாவா, பெரியப்பாவா, மாமாவா? மாமாவைக் கேட்டவருக்குச் சித்தப்பாவைக் கூட்டிவந்தால் சண்டைதான். உணவுப் பக்கத்தைத் திறந்தால் ரொட்டியும் வெண்ணெயும் இருக்கும். கஞ்சியும் துவையலும் இராது. இப்போது கைபேசிகள் தமிழை வாசிக்கின்றன, நல்லது. ஆனால் ஏடு படிப்பதுபோல் வாசிக்கின்றன. "எனக்குத் தண்ணீர் வேண்டும்" என்று ஒரு பெண்குரல் சொல்ல, அதைத் தொட்ட அறுபத்தைந்து வயதுப் பெரியவர் வெட்கத்தால் கருவியைக் கவிழ்த்து வைத்ததை நான் பார்த்திருக்கிறேன். பேரனின் குரலைப் பதிந்து வைத்த பிறகு அதைத் தொட்டார். ஆகவே எந்தச் செயலியாக இருந்தாலும் வீட்டுப் புகைப்படங்கள், வீட்டு உணவு, வீட்டுக் குரல் இவை உள்ளே போகவேண்டும். ஒருவருக்கு இதைச் செய்து முடிக்க, பயிற்சியாளரும் குடும்பத்தாரும் பல நாள் பிற்பகல்கள் உட்கார வேண்டியிருக்கிறது.

வாலிபர் ஐக்கியத்துக்கு இதைத்தான் எழுதினேன்: இரண்டு டேப்லெட்டுகள் வார்டுக்குப் போதும், மீதிப் பணத்தைப் பயிற்சியாளர் கிராமங்களுக்குப் போய்வரும் செலவுக்குத் தாருங்கள். வீட்டுக்குப் போன நோயாளியை மாதம் இருமுறை போய்ப் பார்க்க ஆளில்லாவிட்டால், எவ்வளவு விலையுயர்ந்த கருவியும் பீரோவுக்குள் போய்விடும். அவர்களும் மனமுவந்து ஒப்புக்கொண்டார்கள்.

பாட்டைப்பற்றிச் சொல்லாமல் விட முடியாது, அது என் வேலையோடு ஒட்டியது. 1745இல் சுவீடன் தேசத்தில் ஓலோஃப் டாலின் என்பவர் ஒரு நோயாளியைப்பற்றி எழுதிவைத்தார். வலப்பக்கம் விழுந்து பேச்சிழந்தவர். ஒரு சொல்லைத் தவிர வேறு வராது. ஆனால் நோய்க்கு முன்பு கற்ற ஞானப்பாட்டுகளை, யாராவது எடுத்துக்கொடுத்தால், மற்றவர்களைப்போல் தெளிவாகப் பாடினார். ஜெபங்களையும் ஒரு ராகம்போல் சொன்னார். இதை நான் எத்தனையோ முறை கண்டிருக்கிறேன். மனைவியின் பெயர் வராதவருக்குக் கர்த்தருடைய ஜெபம் ஆமென் வரைக்கும் வருகிறது. பழக்கத்தால் பதிந்துபோன சொல்தொடரும் ராகமும் வேறு வழியாக வருகின்றன. மூளையின் வலப்பக்கத்துக்கு அதில் பங்குண்டு என்று கருதுகிறார்கள். டான் என்பவரின் வசையும் அந்தப் பழக்க வழியில் வந்ததுதான், ஆகவே பரிசுத்தமானவை மாத்திரம் அந்த வழியில் வரும் என்று நாம் பெருமைப்பட வேண்டாம்.

1973இல் பாஸ்டனில் இந்த அனுபவத்தையே ஒரு சிகிச்சையாக்கினார்கள். சாதாரணமாகச் சொல்லவேண்டிய "தண்ணி கொடு" என்பதைப் போன்ற சொற்களை ராகத்தோடு, இடது கையால் தாளம் தட்டி, சொல்லச் சொல்லிப் பழக்கி, பிறகு ராகத்தை மெல்ல மெல்லக் குறைப்பது. 2011 ஜனவரியில் தலையில் சுடப்பட்டுப் பேச்சிழந்த அமெரிக்கப் பாராளுமன்ற உறுப்பினர் கேப்ரியேல் கிஃபோர்ட்ஸ் அவர்களுக்கும் பாட்டு பெரிதும் உதவியது. எல்லாருக்கும் இது பலிப்பதில்லை. இன்னொரு ஆபத்தும் உண்டு. "கோயிலில் பாட்டு முழுக்கப் பாடுகிறார், வீட்டில் எங்களோடு மாத்திரம் ஒரு வார்த்தை பேசமாட்டேன் என்கிறார், எல்லாம் வீம்பு" என்று ஒரு மருமகள் என்னிடம் மனங்கசந்து சொன்னார். வீம்பு அல்ல அம்மா, பாட்டுக்கு ஒரு கதவு, பேச்சுக்கு ஒரு கதவு, ஒன்று பூட்டியிருக்கிறது என்று விளக்கிச் சொன்னேன். அதற்குப் பிறகு அவர் மாமனாரிடம் பேசும் விதமே மாறியது.

இதற்கு நேரெதிரான ஒன்றையும் சொல்கிறேன், வருத்தத்தோடு. ஒரு சபையில், பேச்சிழந்த மூப்பர் ஒருவருக்கு வீட்டில் கொடுத்துவந்த திருவிருந்தை நிறுத்திவிட்டார்கள். பாவ அறிக்கையைச் சொல்ல முடியவில்லை, அவருக்கு ஒன்றும் விளங்காது என்று காரணம் சொன்னார்கள். அந்த மூப்பரோ தினமும் செய்தித்தாளில் உள்ள படங்களைப் பார்த்து, வெள்ளம் வந்த ஊரைக் காட்டி மனைவியிடம் கைகூப்பி ஜெபிக்கச் சொல்லிக்கொண்டிருந்தார். விளங்காதவர் யார் என்று நீங்களே சொல்லுங்கள். சுவீடன் கவிஞர் தோமாஸ் த்ரான்ஸ்த்ரோமர் 1990இல் பக்கவாதத்தால் பேச்சிழந்தார், வலது கையும் விழுந்தது. அதற்குப் பிறகும் கவிதை நூல்கள் வெளியிட்டார், இடது கையால் பியானோ வாசித்தார். 2011இல் நோபல் பரிசு பெற்றார். அவர் நம் சபையில் இருந்திருந்தால் நாம் அவருக்குப் பந்தி வைத்திருப்போமா?

கனடாவில் டொரொண்டோ நகரத்தில் 1979இல் பாட் அராட்டோ என்ற அம்மையார், தம் கணவர் பக்கவாதத்தால் பேச்சிழந்தபோது, அவரோடு பேசுவார் யாருமில்லையே என்று ஒரு மையத்தைத் தொடங்கினார். அங்கே ஆரா கேகன் என்ற பேச்சு மருத்துவ நிபுணர், சாதாரணத் தொண்டர்களுக்கு உரையாடும் விதத்தைக் கற்றுக்கொடுத்தார். சிறு வாக்கியம், முக்கியச் சொல்லைத் தாளில் பெரிதாக எழுதிக் காட்டுவது, வரைந்து காட்டுவது, சொன்னதைச் சரியாகப் புரிந்துகொண்டேனா என்று திரும்பச் சரிபார்ப்பது. எல்லாவற்றுக்கும் முன்னதாக, "உங்களுக்குத் தெரியும் என்று எனக்குத் தெரியும்" என்று நேரே சொல்லிவிடுவது. பயிற்சி பெற்ற தொண்டர்களோடு பேசியபோது நோயாளிகளே அதிகம் வெளிப்படுத்தினார்கள் என்று 2001இல் வெளியான ஆய்வு காட்டியது. கவனியுங்கள், அங்கே பயிற்சி பெற்றவர் நோயாளி அல்ல, எதிரே உட்கார்ந்தவர்.

நம் மருத்துவமனைக்கு இது கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. நோயாளிகளைச் சந்திக்கும் குழு சபைதோறும் ஏற்கனவே இருக்கிறது. பெண்கள் ஐக்கிய சங்கத்தார் வியாழக்கிழமைகளில் வார்டுக்கு வருகிறார்கள். பழம் கொடுத்து, ஜெபித்து, ஐந்து நிமிடத்தில் அடுத்த கட்டிலுக்குப் போகிறார்கள். பேச்சிழந்தவரின் கட்டிலில் அது இரண்டு நிமிடம் ஆகிவிடுகிறது. அவரிடம் பேசாமல் பக்கத்திலிருக்கும் மனைவியிடம் "சாப்பிட்டாரா?" என்று கேட்கிறோம். அவரிடமே கேளுங்கள். கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருங்கள். பத்து விநாடி மௌனம் நமக்கு ஒரு யுகம்போல் தோன்றும். அவருக்கோ அதற்குள்தான் ஒரு சொல் கிளம்பும். அவர் தேடும் சொல்லை நாம் முந்திக்கொண்டு சொல்லிவிடுவது பெரும்பாலும் உதவியாகாது. உதவட்டுமா என்று கேட்டுக்கொண்டு சொல்லுங்கள். காது கேளாதவரிடம்போல் கத்தவேண்டாம், சின்னப் பிள்ளையிடம்போல் கொஞ்சவும் வேண்டாம். வானொலியும் தொலைக்காட்சியும் ஓடிக்கொண்டிருந்தால் முதலில் அதை அணையுங்கள்.

ஒவ்வொரு சபையிலிருந்தும் இரண்டு பேரை அனுப்பிவையுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். ஆங்கிலம் தெரிந்தவர்களாக இருக்கவேண்டியதில்லை, கணினி பழகியவர்களாகவும் இருக்கவேண்டியதில்லை. அதிகம் பேசுகிறவர்களைத் தயவுசெய்து வீட்டில் விட்டுவிடுங்கள், என்னைப் போன்ற பிரசங்கிகளும் இதில் அடக்கம். நான்கு சனிக்கிழமை பிற்பகல்கள், ஒவ்வொன்றும் இரண்டு மணி நேரம். நம் பயிற்சியாளர் சகோதரி நடத்துவார். மூன்றாவது சனிக்கிழமையில் நோயாளிகள் நான்கைந்து பேரே உங்களோடு வந்து உட்கார ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். அவர்கள்தான் அன்றைக்கு உங்கள் ஆசிரியர்கள்.

உங்கள் சபையில் வீட்டோடு இருக்கும் பேச்சிழந்தவர் எவராவது இருந்தால், அவருடைய குடும்பத்தாரின் புகைப்படங்களையும், வீட்டின் முன்பக்கம், கோயில், வயல், கடைத்தெரு, அவர் வழக்கமாக உண்ணும் பண்டங்கள் ஆகியவற்றின் படங்களையும் எடுத்து, அவர் சம்மதத்தோடு கொண்டுவாருங்கள். ஒரு பக்கத்துக்கு நான்கு படம், அடியில் பெரிய எழுத்தில் பெயர் என்று ஒரு புத்தகமாக இங்கேயே தைத்துக் கொடுப்போம். பயிற்சிக்கு வருகிறவர்கள் தடித்த மைப் பேனா ஒன்றும் கோடு போடாத நோட்டு ஒன்றும் எடுத்துவந்தால் போதும்.